சாண்டியாகோ–சிட்னி: 28 மணி நேரப் பயணம் அன்று

சிலியின் சாண்டியாகோவிலிருந்து சிட்னிக்கு நேரடி விமானத்தில் செல்ல 28 மணி நேரமாகும் என்று இந்த உரையாடலில் ஒரு நண்பர் குறிப்பிட்டிருக்கிறார்; சிலர் அதை வழிமொழிந்தும் இருக்கிறார்கள். உண்மையில் அப்பயணம் ஏறத்தாழ 14 மணி நேரமே.

பயணச்சீட்டிலுள்ள புறப்பாட்டு நேரமும் வருகை நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். இடையில், கடக்கும்போது தேதி ஒரு நாள் மாறும் கற்பனைக் கோடான பன்னாட்டுத் தேதிக்கோடு குறுக்கிடுவதால், ஆண்டின் பெரும்பகுதியில் சிட்னியின் கடிகாரம் சாண்டியாகோவைவிட 14 மணி நேரம் முந்தியிருக்கிறது. ஆகவே பிற்பகல் 1 மணிக்குப் புறப்படும் விமானம் மறுநாள் மாலை 5 மணிக்கு இறங்கினால், கிடைக்கும் 28-இலிருந்து அந்த 14-ஐயும் கழித்தாக வேண்டும். நண்பரின் கணக்கை எதிர்த்திசையில் போட்டுப் பார்த்தால், நண்பகலில் சிட்னியை விட்ட விமானம் அதே தேதியில் முற்பகலிலேயே சாண்டியாகோவை அடைகிறது. புறப்படுமுன்பே போய்ச் சேர்ந்ததாக எவரும் வாதிடமாட்டார்கள் என நம்புகிறேன்.

ஐயமுள்ளவர்கள் இரு நேரங்களையும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கழிக்கலாம். விமானங்களின் போக்கைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் விமானம் பறந்த நேரத்தையே காணலாம். கூகுள் எர்த்தில் அளந்தால் தூரம் ஏறத்தாழ 11,300 கிலோமீட்டர் வரும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் பன்னிரண்டரை மணி நேரம், மேற்கு நோக்கிச் செல்கையில் எதிர்க்காற்று அதைச் சற்றுக் கூட்டுகிறது.