கடைசி நாற்காலிக்குப் பயிற்சி வேண்டாமா?

மூன்று நாளாக இதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

இளையோர் சிம்பொனி இசைக்குழுவின் அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து வரும் தொழில்முறைக் கலைஞர்களின் பிரிவுவாரிப் பயிற்சி, அதாவது ஒவ்வொரு வாத்தியப் பிரிவையும் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தருவது, இனி ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு பேருக்கு மட்டும். மற்ற பிள்ளைகள் முழு ஒத்திகைக்கு வந்தால் போதுமாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதன் கீழே ஒருவர் எழுதியிருந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பின்னால் உட்காருகிறவர்கள் சத்தத்தைக் கூட்டத்தானே, அவர்களுக்கு எதற்குத் தனிப் பயிற்சி?" அதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள்.

இளையோர் இசைக்குழு கற்றுக்கொள்ள வருகிறவர்களின் இடம். தேர்வு வைத்துச் சேர்த்தீர்கள், சீருடை கொடுத்தீர்கள், நாற்காலி போட்டீர்கள். சேர்த்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டாமா?

பின்வரிசை எளிது என்று நினைப்பவர்கள் ஒருநாள் அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் முதல் வயலினின் ஒலி பின்வரிசைக்கு வந்துசேர ஒரு நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். அதைக் கேட்டுவிட்டு வாசித்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள். முதுகுக்குப் பின்னால் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியும் டிம்பனி என்ற பெரிய முரசும் முழங்கும்போது கையில் இருக்கும் வாத்தியமே காதில் விழாது. நடத்துநரின் கோலையும் முன்னால் இருப்பவரின் வில்லையும் பார்த்து, காதை முழுதாக நம்பாமல் வாசிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளை இதை யாரும் சொல்லித்தராமல் எப்படிக் கற்றுக்கொள்ளும்? முன்வரிசையைவிடப் பின்வரிசைக்குத்தான் ஆசிரியர் முதலில் வேண்டும்.

"திறமை உள்ளவர்களுக்குக் கொடுப்பதில் என்ன தவறு?" என்று கேட்பீர்கள். கொடுங்கள், யார் தடுத்தார்கள்? ஆனால் திறமை எது என்று செப்டம்பரில் பத்து நிமிடத் தேர்வில் முடிவு செய்துவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தை வைத்தே ஒரு பிள்ளையின் ஆண்டு முழுவதையும் அளக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். முன்னால் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலேயே தனி ஆசிரியர் இருக்கிறார். பின்னால் இருப்பவர்களில் பலருக்கு இந்தப் பிரிவுவாரிப் பயிற்சி ஒன்றுதான் கதி.

பணம் போதவில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதே ஆசிரியர், அதே அறை, அதே இரண்டு மணி நேரம். எட்டு நாற்காலி கூடுதலாகப் போட என்ன செலவு?

வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியமான வியோலாவின் பிரிவில், இருவர் பகிர்ந்துகொள்ளும் இசைத்தாள் தாங்கிகளில் (ஸ்டாண்ட்) கடைசியானதில், உள்பக்க நாற்காலியில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். உள்பக்கம் இருப்பவர்தான் பக்கம் புரட்ட வேண்டும், பென்சிலால் வில்லின் போக்கைக் குறிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி. அதன் இரண்டாம் பகுதியைத் தொடங்குவது வியோலாவும் செல்லோவும்தான். அந்த மெட்டின் மேல் 'இனிமையாக' என்று இத்தாலிய மொழியில் எழுதியிருக்கும். எங்களுக்கு அது நொண்டி நொண்டி வந்தது. பயிற்சி தர வந்த அம்மையார் ஐந்து நிமிடம் கேட்டார், எழுந்தார், எங்கள் பிரிவையே திருப்பிப் போட்டார். கடைசி ஸ்டாண்ட் முதலில், முதல் ஸ்டாண்ட் கடைசியில். பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்து, என் வலது கட்டைவிரலைத் தொட்டார். "இது ஏன் இப்படி விறைத்திருக்கிறது?" அவ்வளவுதான். விரலை மடக்கினேன். அந்தக் குறுகிய சுரம் முதன்முறையாக அடுத்த நீண்ட சுரத்தின் மேல் தானாகச் சாய்ந்தது. பின்னாலிருந்து எங்கள் பிரிவின் முதல் நாற்காலிக்காரர், "ஓ, இங்கிருந்து ஒன்றுமே கேட்கவில்லையே" என்று சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

இந்த அறிவிப்பின்படி அந்த அறைக்குள் எனக்கு இடமே இருந்திருக்காது.

சத்தத்தைக் கூட்டுகிறவர்கள் என்றாரே, அதே சிம்பொனியில் டிராம்போன்கள் முதல் மூன்று பகுதிகளும் கைகட்டி உட்கார்ந்திருக்கும். நான்காம் பகுதியில்தான் நுழையும். ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவிக்கு மொத்தம் பதினான்கு சுரங்கள். அந்த டியூபா பிள்ளையையும் கணக்குப் பார்த்து வெளியே நிறுத்துவீர்களா? 1948இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய இளையோர் இசைக்குழுவில் இன்றும் ஒவ்வொரு வாத்தியப் பிரிவுக்கும் ஆசிரியர்கள் வருகிறார்கள். வெனிசுவேலாவில் 1975இல் அப்ரேயு தொடங்கிய 'எல் சிஸ்டெமா' என்ற இளையோர் இசைக்கல்வித் திட்டத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் அதில் வளர்ந்த நடத்துநர் டுடாமெல் பெயரைத்தான் சொல்கிறோம். அவரைச் சுற்றிப் பெயர் தெரியாத எத்தனை ஆயிரம் பிள்ளைகள் வாத்தியம் பிடித்தார்கள்! அவர்களில் பெரும்பாலோர் மேடைக்கலைஞர் ஆகவில்லை. அதனால் அவர்கள் கற்றது வீணா?

"உங்கள் பிள்ளை அதில் இல்லையே, உங்களுக்கு என்ன?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். பதில் எழுதி எழுதி அழித்தேன். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆண்டில், அந்த அம்மையார் வருவதற்கு முன், எங்களுக்குப் பிரிவுவாரிப் பயிற்சியே கிடையாது. கச்சேரிக்கு முந்தைய ஒத்திகையில் வேகமான ஓர் இடம் எனக்குக் கைக்கு வரவில்லை. பொறுப்பில் இருந்த ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, கோபமே இல்லாமல், தோளில் கைவைத்துச் சொன்னார்: "அந்த இடத்தில் வில்லை மட்டும் அசை. நீ வாசிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது."

அந்த இடத்தில் மட்டும் செய்யச் சொன்னார். நான் பயத்தில் கச்சேரி முழுவதும் செய்தேன். வில்லைத் தந்திக்கு மேலே ஒரு நூல் அளவு தூக்கிப் பிடித்து, மற்றவர்களோடு சேர்ந்து மேலும் கீழும் அசைத்தேன். முடிந்ததும் எல்லோரோடும் எழுந்து நின்றேன். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது" என்றார்.