மெஷின்தான் மாட்டியிருக்கே, அப்புறம் என்ன?

மூன்று நாளாக நம்ம ஊர் குழுக்களில் சுற்றுகிற அந்த ஆடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். காதில் மெஷின், அதாவது காது கேட்கும் கருவி, மாட்டிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டிக்டேஷனில் சைபர் போட்டு வெளியே நிற்க வைத்த சார், அவள் அம்மாவுக்கு அனுப்பிய பதில் அது. பதினோரு பேரிடமிருந்து வந்துவிட்டது. கடைசியாக அனுப்பியது என் நாத்தனார். "சார் சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல அண்ணி?" என்று கீழே ஒரு வரி வேறு.

அந்த நியாயத்தைத் தேடித்தான் நான்கு முறை கேட்டேன். "மெஷின்தான் மாட்டியிருக்கே, அப்புறம் என்ன? கவனிச்சா எழுத வேண்டியதுதானே? நாப்பது பிள்ளைங்க இருக்கு, ஒருத்திக்காக மட்டும் நான் பாடம் நடத்த முடியுமா?" இதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. காது கேளாத பிள்ளையைப் பற்றி அதன் அம்மா மரியாதையாக எழுதிக் கேட்ட கேள்விக்கு, அவர் பதிலை ஆடியோவாக அனுப்பியிருக்கிறார். இதற்கு மேல் நான் கிண்டல் செய்ய என்ன இருக்கிறது?

சரி, அந்த டிக்டேஷன் தாளுக்கு வருகிறேன். பத்துக்கு சைபர் என்று சிவப்பு மையில் வட்டம் போட்ட தாள். நீங்கள் எல்லாம் சிரிக்கிற பொம்மை போட்டீர்களே, அதே போட்டோ. அதைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? "மாலை" என்றதற்கு அந்தப் பிள்ளை "பாலை" என்று எழுதியிருக்கிறாள். "படம்" என்றதற்கு "மடம்". "பாடு" என்றதற்கு "மாடு". "மட்டை" என்றதற்கு "பட்டை". மீதி ஆறு இடமும் காலி.

இப்போது கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் "பாடு" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் "மாடு" என்று சொல்லுங்கள். உதட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? தெரியாது. ப, ம இரண்டுக்குமே உதடு ஒட்டிப் பிரியும். ஒன்றில் காற்று மூக்கு வழியாகப் போகும், அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்த நான்கு வார்த்தையை அவள் சாரின் வாயைப் பார்த்து, கண்ணால் பிடித்து எழுதியிருக்கிறாள். காலியாக இருக்கிற ஆறும் சார் நடந்துகொண்டே பெஞ்சுகளுக்குப் பின்பக்கம் போன நேரம். நான் அந்த வகுப்பில் இல்லை. ஆனால் பந்தயம் கட்டுகிறேன். இதே மாதிரித் தாள்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். கவனிக்காத பிள்ளைக்கு இப்படித் தப்பு வராது.

முன்வரிசையில் உட்கார வையுங்கள், முகத்தைக் காட்டிப் பேசுங்கள். அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகிற மாதிரி மெஷின் மாட்டினால் பேச்சு தெளிவாகிவிடாது. மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கும். சார் குரலையும் பெரிதாக்கும், ஃபேன் சத்தத்தையும் பெரிதாக்கும், பக்கத்துப் பையன் பென்சில் டப்பாவைத் தள்ளுவதையும் பெரிதாக்கும். பேசுகிறவர் ஓரிரு மீட்டருக்குள் இருந்தால் பரவாயில்லை. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். அதற்குத்தான் ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக் இருக்கிறது, எஃப்.எம். சிஸ்டம் என்பார்கள், குரல் நேராக மெஷினுக்குப் போகும். அதையெல்லாம் அந்த அம்மா கேட்கவே இல்லை. முன்வரிசையில் ஒரு இடம், முகத்தைக் காட்டிப் பேச்சு. அந்தப் பிள்ளை உயரமாக இருக்கிறாள் என்று மூன்றாவது பெஞ்சில் வைத்திருக்கிறார்களாம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று பழைய நண்பர்களுக்குத் தெரியும். என் தம்பி. 1989இல், நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தான், காது போய்விட்டது. அம்மா அவனைக் கடலூரிலிருந்து பஸ் பிடித்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். பயல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டனை அழுத்துகிறவரின் தோள் அசைவதைப் பார்த்துச் சரியாகத் தூக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். கை தூக்குவது நின்றுபோனது. அம்மா அழுதது அப்போதுதான்.

அந்தக் காலத்து பாக்கெட் மெஷின், தீப்பெட்டியைவிடப் பெரியது. சட்டைப் பையில் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர். சட்டைத் துணி உரசினால் காதுக்குள் கர கர என்று அதுதான் முதலில் கேட்கும். பையன்கள் வைத்த பெயர் "ரேடியோ". எங்கள் பள்ளி லாரன்ஸ் ரோடு கேட் பக்கம். ரயில் போனால் அவன் மெஷினை அணைத்துவிடுவான், திரும்பப் போட மறந்துவிடுவான். அரை நாள் அப்படியே போகும். வாத்தியார்கள் "புரிஞ்சுதாடா?" என்பார்கள். இவன் தலையாட்டுவான். புரிந்ததா என்று கேட்டால் எந்தப் பிள்ளைதான் இல்லை என்று சொல்லும்? நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல் என்று கேட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

அறிவியல் சாருக்குப் பெரிய மீசை. மேல் உதடு மொத்தமும் உள்ளே. அறிவியலில் இவன் எடுத்த மதிப்பெண்ணை நான் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், அது வேறு விஷயம். ஆனால் கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். எழுதும்போது பேச மாட்டார், பேசும்போது எழுத மாட்டார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க மாட்டார், வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. வீட்டுப்பாடத்தைப் பலகையின் மூலையில் எழுதிப்போடுவார். யாராவது பதில் சொன்னால், சொன்னவன் யார் என்று விரலால் காட்டுவார். இதற்குக் காசு செலவா? ஐம்பத்திரண்டு பேர் இருந்த வகுப்பு அது. நாற்பது இல்லை சார், ஐம்பத்திரண்டு.

"ஆசிரியர்களின் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது" என்று கமெண்டில் வருவீர்கள், வாருங்கள். தெரியும். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித்துறை இணையதளத்தில் பதிவு எல்லாம் தெரியும். சிறப்பாசிரியர் தினமும் வர மாட்டார் என்பதும் தெரியும். அதற்காக அரசாங்கத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் பலகையைப் பார்த்துப் பேசுவதை நிறுத்த எந்த அரசாணை வேண்டும்?

"சிறப்புப் பள்ளியில் சேர்க்கலாமே" என்று ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார், அதற்கு அறுபது லைக். சைகை மொழியில் படிப்பது சில பிள்ளைகளுக்கு மிகவும் நல்லது, அதை நான் மறுக்கவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்தப் பிள்ளையும் பெற்றவர்களும். டிக்டேஷன் போடுகிற சாரும் அறுபது லைக்கும் இல்லை. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பக்கத்துப் பள்ளியிலேயே மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கலாம், தேவையான வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும் என்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும், கூடுதல் நேரமும் அரசே தருகிறது. ஐந்தாம் வகுப்பு டிக்டேஷனுக்கு இவர் சைபர் போட்டு வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறார்.

"அனுதாபம் தேடாதீர்கள்" என்று ஒருவர். உங்களுக்குப் பதில் கிடையாது.

மதுரை பேட்மின்டன் வீராங்கனை ஜெர்லின் அனிகா காது கேளாதோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கினபோது இதே குழுவில்தான் கைதட்டினீர்கள். தங்கம் வாங்கினால் நம்ம பிள்ளை. டிக்டேஷனில் சைபர் வாங்கினால் கவனிக்காத பிள்ளை.

எழுத எழுத எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அந்த சாரை இவ்வளவு சொல்கிறேனே, எங்கள் வீட்டில் என்ன வாழ்ந்தது? சாப்பிடும்போது எல்லோரும் சிரிப்போம். அவன் "என்னக்கா?" என்பான். "ஒண்ணுமில்ல விடு, அப்புறம் சொல்றேன்" என்பேன். அந்த அப்புறம் வந்ததே இல்லை. எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். சாராவது ஒரு டிக்டேஷனுக்குத்தான் அவளை வெளியே நிறுத்தினார்.

2021இல் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். தம்பியும் பக்கத்தில்தான் நின்றான், அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு. வெளியே வந்ததும் "என்ன சொன்னாரு?" என்றான். என் வாயில் வந்தது அதுதான். ஒண்ணுமில்ல, விடு. நாள் இவ்வளவுதான் என்பது அவனுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு என் மாஸ்க்கைக் கீழே இறக்கி ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் அவன் அப்பாவோடு ஒன்பது ராத்திரி இருந்திருப்பான். அதைப் பற்றி இன்றுவரை அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும், அழிக்கப் போவதில்லை.

நேற்று ராத்திரி அந்த ஆடியோ அவனுக்கும் போயிருக்கிறது. "என்னக்கா இது, எல்லாரும் அனுப்புறாங்க, என்ன பேசறாங்க?" என்று மெசேஜ். வழக்கம்போல விரல் "ஒண்ணு" வரைக்கும் போய்விட்டது. அழித்துவிட்டு, ஆடியோவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சார் இருமினது உட்பட முழுதும் தட்டச்சு செய்து அனுப்பினேன். முக்கால் மணி நேரம் ஆனது.

படித்துவிட்டு வெகு நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்: "அந்த சாருக்கு மீசை இருக்காக்கா?"

ஆடியோவில் எப்படிடா தெரியும் என்று அனுப்பினேன்.