கேள்வி கேட்டவரை மறந்துவிட்டோம்

2025 பொங்கல் வாரம் முழுக்க ‘மனைவி முகம்’ மீம்ஸ்தான். நானும் சிரித்தேன், நாலு குரூப்புக்கு அனுப்பினேன். வீடியோவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: கட்டுமான நிறுவனமான எல் அண்ட் டி-யின் சேர்மன் எஸ்.என். சுப்ரமணியன் ஊழியர்களிடம் பேசும்போது, வாரம் 90 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றார். அந்த 90 மணி நேரம் சரியா தப்பா என்று பட்டிமன்றம் நடத்தியாயிற்று. தீபிகா படுகோன் சொன்னது, ஆனந்த் மஹிந்திரா தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கும் என்றது, எல்லாம் பேசியாயிற்று. அது ஒரு கேள்விக்கு வந்த பதில் என்பதை மட்டும் ஒருவரும் பேசக் காணோம்.

சனிக்கிழமையும் ஏன் வேலைக்கு வரச் சொல்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு எல் அண்ட் டி சேர்மன் நேராகவே பதில் சொல்லியிருக்கலாம். சைட்டில் ஆள் வேலை செய்யும் நாளில் ஆபீஸைப் பூட்டிவிட்டால் டிராயிங் நகராது, பில் நகராது என்று ஏதாவது ஒரு காரணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லாவிட்டாலும் அதற்குப் பெயர் பதில். கிடைத்தது என்ன? ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தம், சீனாக்காரன் வாரம் 90 மணி நேரம் உழைக்கிறான் என்ற கதை, அப்புறம் ‘எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்’ என்ற ஜோக்.

கேட்டவர் இனிமேல் வாயைத் திறப்பாரா? அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திறப்பாரா? என் ஆதங்கம் இது ஒன்றுதான். மேலே இருப்பவர் ஒரு கேள்வியை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதில்தான் அவர் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது. மற்றதெல்லாம் மைக் டெஸ்டிங்.

நம் கம்பெனிகள் பேச்சைக் கற்றுக்கொடுக்கவே வருடா வருடம் நட்சத்திர ஹோட்டலில் இரண்டு நாள் டிரெய்னிங் வைக்கின்றன. கண்ணைப் பார்த்துப் பேசு, கையைக் கட்டாதே, குரலை ஏற்றி இறக்கு. மத்தியானம் பஃபே. இங்கிலீஷ் சரளமாக வந்துவிட்டால் கம்யூனிகேஷன் வந்துவிட்டதாக சர்ட்டிபிகேட். அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதற்கு மட்டும் ஒரு செஷனும் கிடையாது. கேட்பது கீழே இருப்பவன் வேலை அல்லவா!

‘ஏதோ ஜாலியாகச் சொன்னார், ஜோக்கைப் போய் இப்படி நோண்டுகிறாயே’ என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்தார். அவருக்காக ஒரு ஜோக் கதை சொல்கிறேன்.

நான் இருப்பது ஒரு ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில். சேர்ந்த புதிதில் பிளான்ட் ஹெட் முன்னால் மாதாந்திர மீட்டிங். ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்று ஹெச்.ஆர். மூன்று தடவை சொன்னார்கள். நானும் நம்பித் திறந்தேன். செகண்ட் ஷிஃப்ட் பஸ் ராத்திரி ஸ்ரீபெரும்புதூரோடு நின்றுவிடுகிறது, திருவள்ளூர் பக்கம் போகிறவர்கள் என்ன செய்வது சார் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, உனக்கு ஒரு ஹெலிகாப்டர் புக் பண்ணிடலாமா?” என்றார். ஹாலே அதிர்ந்தது. என் சூப்பர்வைசர்தான் முதலில் கைதட்டினார்.

அன்றிலிருந்து என் பெயர் ஹெலிகாப்டர். கேன்டீனில் ஹெலிகாப்டர், டைம் ஆபீஸில் ஹெலிகாப்டர். சின்ன விஷயம்தான், தெரியும். ஆனால் பஸ்ஸும் வரவில்லை, அதற்கப்புறம் அந்த மீட்டிங்கில் கேள்வியும் வரவில்லை. ஹெச்.ஆரே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து ஆள் வைத்துக் கேட்க வேண்டியதாயிற்று: ‘நம் பிளான்ட்டின் ஐந்தாண்டுக் கனவு என்ன சார்?’ அவருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பின்னால் ஒரு லாட் முழுவதும் கஸ்டமரிடமிருந்து ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. டூல் தேய்ந்து துளை அளவு மாறியிருக்கிறது. மெஷினில் நின்ற பையனுக்கு முதல் நாளே சந்தேகம் வந்திருக்கிறது. “ஏன்டா சொல்லலை?” என்றால், “சொன்னா நானும் ஹெலிகாப்டர் ஆயிடுவேன்ணே” என்கிறான். ஜோக்கின் விலை என்னவென்று இப்போது தெரிகிறதா நண்பரே?

இது என் சொந்தக் கடுப்பு என்று நினைப்பவர்களுக்கு: ஹார்வர்டில் இருக்கும் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் அங்கேதான் தவறு அதிகம்! கிளறிப் பார்த்தால், அங்கே இருந்தவர்கள் நடந்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் அமுக்கிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்படும் மேனேஜர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

‘எல்லோரும் வாய் தவறுவது உண்டு’ என்பார்கள். உண்டுதான். சத்ய நாதெள்ளாவுக்கும் தவறியது. 2014 அக்டோபரில் ஃபீனிக்ஸ் நகரில், கணினித் துறைப் பெண்களுக்கான மாநாடு. மைக்ரோசாஃப்ட் சி.இ.ஓ. ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்கள் என்ன செய்யலாம் என்று மேடையில் மரியா கிளாவே கேட்டார். கேட்காமல் இருங்கள், சிஸ்டத்தை நம்புங்கள், அது நல்ல கர்மா என்கிற மாதிரி பதில் சொன்னார் மனிதர். கிளாவே மைக்ரோசாஃப்ட் போர்டில் இருந்தவர். இருந்தும் அங்கேயே மறுத்தார், அரங்கம் கைதட்டியது. அன்றைக்கே நாதெள்ளா ஊழியர்களுக்கு மெயில் போட்டார்: நான் சொன்ன பதில் முழுக்கத் தவறு, உயர்வுக்குத் தகுதி இருக்கிறது என்று நினைத்தால் நேராகக் கேளுங்கள். ‘என் கருத்து திரிக்கப்பட்டது’ இல்லை. ‘நான் சொல்ல வந்தது என்னவென்றால்’ இல்லை.

எல் அண்ட் டி விஷயத்தில் வந்தது கம்பெனி அறிக்கை. தேசத்தைக் கட்டியெழுப்புகிறோமாம், அசாதாரண விளைவுக்கு அசாதாரண உழைப்பு தேவையாம். சனிக்கிழமைக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

‘கம்பெனியை வளர்த்தவர், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?’ பாலம் கட்டத் தெரியாது சார், ஒத்துக்கொள்கிறேன்.

‘பயம் இல்லாவிட்டால் ஒருவனும் வேலை செய்ய மாட்டான்’ என்பவர்களுக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் புகழ் பிளான்ட் ஹெட் போன பிறகு இன்னொருவர் வந்தார். மேடையில் பேசவே தெரியாது, மைக்கைக் கண்டால் வியர்க்கும். பழைய பஸ் விவகாரத்தை யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை சொல்கிறேன் என்றார். வியாழக்கிழமை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் லைனுக்கே வந்தார். பஸ் விட முடியாது, இத்தனை பேர்தான் இருக்கிறீர்கள், கான்ட்ராக்டர் இவ்வளவு கேட்கிறான் என்று தாளைக் காட்டிச் சொன்னார். வேண்டுமானால் உங்களை எல்லாம் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு மாற்றுகிறேன் என்றார்.

கிடைத்தது ‘முடியாது’தான். ஆனாலும் என்னைப் பார்த்துச் சொன்ன ‘முடியாது’. அதே மனிதர் பிற்பாடு ஒரு அவசர ஆர்டருக்காக ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டபோது லைனில் முக்கால்வாசிப் பேர் வந்தோம். யாரும் முறைக்கவில்லை. மனைவி முகத்தைப் பார்த்து அலுத்துப் போயும் வரவில்லை.

டிரெய்னிங்கில் செல்வாக்கு செல்வாக்கு என்று ஸ்லைடு போடுகிறீர்களே, அது இதுதான்.

சரி, சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன், விரல் நிற்கவில்லை. 2023-24இல் அந்தச் சேர்மனின் சம்பளம் 51 கோடி ரூபாய். அந்தக் கம்பெனி ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தை (எல்லோர் சம்பளத்தையும் வரிசையாக வைத்தால் நடுவில் வருவது) போல 500 மடங்குக்கு மேல். அவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யட்டும், தாராளமாக. அவர் வீட்டில் சமைக்க, துவைக்க, பிள்ளையை டியூஷனில் விட ஆள் இருக்கும். என் வீட்டில் அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையின் வேலை. ‘வீட்டில் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்டாரே, வந்து பார்க்கட்டும்.

‘பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போ’ என்று இந்நேரம் டைப் செய்ய ஆரம்பித்திருப்பவர்களே, ஹோம் லோன் ஈ.எம்.ஐ.யை நீங்கள் கட்டுவதாக இருந்தால் அக்கவுண்ட் நம்பர் அனுப்புகிறேன். மாட்டுப் பொங்கல் அன்றும் எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது, லைனில் போன் எடுக்க முடியாது. திட்ட வேண்டியதை எழுதி வையுங்கள், வந்து படிக்கிறேன்.