கல்லுப்பு வைத்தால் கேரவனில் பூஞ்சை வராதா?

"மழைக்கு நிறுத்தும் கேரவனுக்குள் ஒரு கிண்ணம் கல்லுப்பு வைத்து, தார்ப்பாயால் இறுக்கி மூடினால் பூஞ்சையே வராது" என்று மண்டபம், கீழக்கரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு ஈரத்தை இழுக்கும். பூஞ்சைக்கு 70-க்கு மேல் போனாலே கொண்டாட்டம். காற்று காய்ந்தால் உப்பு இழுத்த ஈரத்தைத் திரும்ப விட்டுவிடும். உப்புத்தண்ணீர் கவிழ்ந்தால் தகரத் தரை துருப்பிடிக்கும். கடற்காற்று அரிப்பது போதாதா? இறுக்கிய தார்ப்பாய் இன்னும் மோசம், உள்ளே வியர்த்துக் கொட்டும்.

சரி, என்ன செய்யலாம்? அக்டோபருக்கு முன்பே ஜன்னல் ரப்பரில் ஒழுகல் பாருங்கள். மெத்தையை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் கதவுகளைத் திறந்து போடுங்கள். கடையில் விற்கும், ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா உப்பைவிட மேல். தண்ணீர் நிரம்பியதும் மாற்ற வேண்டும்.