டிரைவர் மட்டும் மாட்டினால் போதுமா?

கேரள எல்லையில் களியக்காவிளை பக்கம் கடத்தல் ரேஷன் அரிசி பிடிபட்டது என்ற செய்தியை நம்ம மாவட்டத்தில் இப்போது யாரும் நின்று படிப்பதில்லை. கார், பின்சீட்டைக் கழற்றிவிட்டு அடுக்கிய மூட்டைகள், போலீசைக் கண்டதும் டிரைவர் இறங்கி ஓட்டம். சிக்கினால் அவன்மேல் ஒரு வழக்கு, கார் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும். ஆனால் வீடு வீடாக அரிசியை வாங்கிச் சேர்த்தவர், குடோன் கொடுத்தவர், வண்டிக்குப் பணம் போட்டவர், எல்லைக்கு அந்தப் பக்கம் பாலிஷ் போட்டு விற்பவர், இவர்கள் எந்த எஃப்ஐஆரில் இருக்கிறார்கள்? அடுத்த வாரம் வேறு டிரைவர் வருவான், தொழில் நடக்கும்.

கொலைக்கும் மிரட்டிப் பணம் பறிப்பதற்கும் ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே, அப்புறம் 'ஒழுங்கமைக்கப்பட்ட குற்றம்', அதாவது கும்பலாகச் சேர்ந்து தொழிலாகவே செய்யும் குற்றம் என்று தனியாக ஒரு சட்டப்பிரிவு எதற்கு என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 1970இல் ரிகோ சட்டம் வந்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான். மாஃபியா தலைவன் தன் கையால் எதையும் செய்யமாட்டான், அவன் சொன்னது நாலு பேர் வாய் மாறித்தான் செய்பவனிடம் போகும், அதனால் தனித்தனி வழக்கில் அவன் பெயரே வராது. பத்து ஆண்டுக்குள் குறைந்தது 2 குற்றங்கள், அவை ஒரே கூட்டத்தின் தொழிலாகத் தொடர்ந்து நடந்தவை என்று நிரூபித்தால் அந்தக் கூட்டத்தை நடத்தியதே குற்றம் என்றது ரிகோ. சம்பாதித்த சொத்தும் பறிபோகும். 1986இல் நியூயார்க் மாஃபியா தலைவர்கள் இதில்தான் குற்றவாளிகள் ஆனார்கள், பெரும்பாலானோருக்கு 100 ஆண்டு சிறை.

மகாராஷ்டிராவில் 1999இலேயே இதுபோன்ற கும்பல் குற்றங்களுக்கு எதிரான மோக்கா சட்டம் வந்துவிட்டது. நாடு முழுக்க 2024 ஜூலை 1 முதல் இந்தக் குற்றத்துக்கென்றே, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு இருக்கிறது. குறைந்தது 5 ஆண்டு, ஆயுள் வரை போகலாம், உயிர் போயிருந்தால் மரண தண்டனைகூட. இவ்வளவு கடுமையான பிரிவை அவசரத்துக்கு எடுத்து வீசக் கூடாது. பத்து ஆண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை இருக்க வேண்டும், அதை நீதிமன்றம் ஏற்றிருக்க வேண்டும் என்று சட்டமே நிபந்தனை வைத்திருக்கிறது, அதைத் தளர்த்தச் சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

கூலிக்கு வண்டி ஓட்டும் பையன்மேல் இதைப் போட்டுவிட்டுக் கணக்கு முடிப்பதும் நியாயமில்லை. போலீசுக்குச் சொல்கிறேன், பழைய வழக்குக் கட்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். பிடிபட்ட வண்டிகள் யார் பணத்தில் வாங்கியவை, ஜாமீன் எடுக்க வக்கீலுக்குப் பணம் கொடுத்தது யார், பிடிபட்ட இரவில் டிரைவர் முதலில் யாருக்குப் போன் போட்டான் என்று கேளுங்கள். கேரளப் போலீசையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.