ட்ரோம்பெக்கில் எங்கே நின்று பார்ப்பது?
அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து ட்ரோம்பெக் கல்வட்டத்தை ட்ரூயிட் எனப்படும் பழங்காலக் கெல்டியப் பூசாரிகள் எழுப்பியதாக ஒரு கட்டுரையில் வருகிறது; அது சரியல்ல. 'ட்ரூயிட் பலிபீடம்' என்பது ஊரார் வழக்கு மட்டுமே; வட்டம் வெண்கலக் காலத்தது, ட்ரூயிட்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. 17 கற்களில் 13 மிஞ்சியுள்ளன. வடகிழக்கில் உயரமான இரண்டு வாசற்கற்கள். இருபுறமும் உயரம் படிப்படியாகக் குறைந்து, தென்மேற்கில் ஒரு கல் கிடையாக இருக்கும். அதன் மேற்பரப்பில் கிண்ணம்போல் குடைந்த இரு குழிகள், ஒன்றைச் சுற்றி வளையம். தயவுசெய்து அதில் காசு வைக்காதீர்கள், உலோகக் கறை படியும்.

டிசம்பர் 21 வாக்கில் சூரியன் மறைவதைக் காண வாசற்கற்களுக்கு நடுவே நின்று, கிடைக்கல்லுக்கு மேலாக மலை இடுக்கைப் பாருங்கள். பக்கத்துச் சமையல் குழியையும் விட்டுவிடாதீர்கள்! சுட்ட கற்களைப் போட்டுச் சோதித்தபோது 70 கேலன் நீர் 18 நிமிடத்தில் கொதித்தது.