ஓட்டு என்ன இவர்கள் பாட்டன் வீட்டுச் சொத்தா?

நம்ம டெக்சாஸ் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை ஓடிய அந்த வாய்ஸ் மெசேஜை நீங்கள் எல்லோருமே கேட்டிருப்பீர்கள். ஃபோர்ட் வொர்த் பக்கம் மாநில செனட் 9ஆவது தொகுதியில் டெமாக்ரட் டெய்லர் ரெமெட் ஜெயித்த சந்தோஷத்தில் பேச ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்திலேயே "இந்த மெக்சிகன்களுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு, முட்டை விலைக்கு ஓட்டை வித்தவனுங்க, நல்லா அனுபவிக்கட்டும்" என்ற இடத்துக்கு வந்துவிட்டார். முட்டை விலை ஏறிய கோபத்தில் 2024இல் டிரம்புக்குப் போட்டார்களாம். கீழே வரிசையாகக் கைதட்டல். கைதட்டியவர்களில் பலர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த முடிவு எனக்கும் சந்தோஷம்தான். 2024இல் டிரம்ப் 17 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி அது. அங்கே தொழிற்சங்கத்தில் வேலை செய்த ஒரு மெக்கானிக் நின்று ஜெயிப்பது சின்ன விஷயம் இல்லை. என் ஓட்டும் இந்த ஊருக்கு வந்த நாள் முதல் பெரும்பாலும் டெமாக்ரட் பக்கம்தான். ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் இன்னொரு சமூகத்தையே "நல்லா அனுபவிக்கட்டும்" என்று சபிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஓட்டுப் போட்டவர் தன் ஓட்டைப் போட்டார். உங்கள் ஓட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

டெக்சாஸ் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது மெக்சிகோ மாதிரி ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர், 2020இலும் 2024இலும் ரிபப்ளிகன் பக்கம் நகர்ந்தது உண்மை. சாதாரண நகர்வு இல்லை அது. மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. நூற்றுக்கு 97 பேர் ஹிஸ்பானிக். 2016இல் ஹிலரி கிளின்டனுக்கு அங்கே 79 சதவீதம். 2020இல் பைடனுக்கு 52. 2024இல் டிரம்ப் ஜெயித்தே விட்டார், சுமார் 58 சதவீதத்தோடு. 1892க்குப் பிறகு ஜனாதிபதித் தேர்தலில் அந்தக் கவுண்டியில் ரிபப்ளிகன் ஜெயித்தது அப்போதுதான். லாரெடோ இருக்கும் வெப் கவுண்டியும் மெக்காலன் இருக்கும் ஹிடால்கோவும் பிரவுன்ஸ்வில் இருக்கும் கேமரனும் சேர்ந்தே சாய்ந்தன. "அவங்க ஓட்டுப் போடவே வரல, அதான்" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். 2016இல் ஸ்டார் கவுண்டியில் டிரம்புக்கு விழுந்தது இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு. 2024இல் ஒன்பதாயிரத்துக்கு மேல். வந்துதான் போட்டார்கள்.

ஏன் போட்டார்கள் என்று அவர்களிடம் யாராவது கேட்டீர்களா?

என் கூட வேலை செய்த தோழி ஒருத்தியின் ஊர் ரியோ கிராண்டே சிட்டி. ஸ்டார் கவுண்டியின் தலைநகர். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். சமையலறையில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து சோளத் தோல் மீது மாவு தடவித் தமாலே மடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கரண்டி கொடுத்து உட்கார வைத்தார்கள். சுவரில் குவாடலூப்பே மாதா படம், பக்கத்திலேயே கென்னடி படம், ஓரம் பழுத்துப்போய். அவள் அப்பா எண்ணெய் வயலில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணன் எல்லைக் காவல் படையில் இருக்கிறார். எல்லைக் காவல் படையில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஹிஸ்பானிக் என்பது நம் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஊர்ப்பக்கம் நல்ல சம்பளம், இன்சூரன்ஸ், பென்ஷன் என்று கிடைக்கும் வேலைகள் கொஞ்சம்தான். பள்ளிக்கூடம், கவுண்டி ஆபீஸ், போலீஸ், எல்லைக் காவல். இல்லையென்றால் மேற்கே பெர்மியன் எண்ணெய் வயலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்துவிட்டு வர வேண்டும்.

அந்தப் பெரியவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "என் அப்பா டெமாக்ரட். அவர் அப்பாவும் டெமாக்ரட். நானும் அப்படியே போட்டேன். ஒரு தடவைகூட யாரும் வந்து என்னிடம் ஓட்டுக் கேட்டதில்லை. 2020இல் தொலைக்காட்சியில் அந்தக் கடைசி விவாதத்தைப் பார்த்தேன். எண்ணெய்த் தொழிலில் இருந்து மாறப்போகிறோம் என்று பைடன் சொன்னார். என் பையன் ஒருத்தன் அப்போது மிட்லாண்ட் எண்ணெய் வயலில் வேலையில் இருந்தான்." அவ்வளவுதான் சொன்னார். குரல் உயர்த்தவில்லை. தட்டில் இன்னும் இரண்டு தமாலே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இவரைத்தான் முட்டைக்கு ஓட்டை விற்றவர் என்கிறீர்கள்.

அந்த 2020இல் கொரோனாவைச் சொல்லி டெமாக்ரட் ஆட்கள் வீடு வீடாகப் போவதையே பெரும்பாலும் நிறுத்தி வைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு முழுக்க டிரம்ப் கொடி கட்டிய பிக்கப் வண்டிகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. போகாத வீட்டில் ஓட்டு மட்டும் எப்படி விழும்? எந்த ஊரிலும் விழாது.

இந்த அலட்சியம் நேற்று ஆரம்பித்தது இல்லை. 1948இல், பிற்பாடு ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன் அமெரிக்க செனட்டுக்கு டெமாக்ரட் வேட்பாளராக உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்டபோது நடந்தது உங்களுக்குத் தெரியுமா? தேர்தல் முடிந்து ஆறு நாள் கழித்து, தெற்கு டெக்சாஸின் ஆலிஸ் ஊரில் 13ஆம் வாக்குப்பெட்டியிலிருந்து திடீரென்று 202 ஓட்டு கூடுதலாக வந்தது. 200 ஜான்சனுக்கு, 2 எதிராளிக்கு. பட்டியலில் பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. மாநிலம் முழுக்க எண்ணி முடித்தபோது அவர் ஜெயித்தது 87 ஓட்டில். ஜார்ஜ் பார் என்ற ஒரு மனிதர் மெக்சிகன் அமெரிக்கர்களின் ஓட்டுகளைத் தன் பெட்டிப் பணம் மாதிரி வைத்திருந்த காலம் அது. அன்றைக்கு ஒரு பண்ணையார் "இது என் ஓட்டு" என்றார். இன்றைக்குப் படித்தவர்கள் கிராஃப் போட்டு "இது எங்கள் ஓட்டு" என்கிறார்கள். எத்தனை வருஷம் கேட்டோம் இந்தக் கதையை! ஹிஸ்பானிக் ஜனத்தொகை ஏறுகிறது, அதனால் டெக்சாஸ் தானாக நீலமாகிவிடும், அதாவது டெமாக்ரட் பக்கம் வந்துவிடும் என்று. 2010க்கும் 2020க்கும் நடுவில் இந்த மாநிலத்தில் கூடிய சுமார் 40 லட்சம் பேரில் ஏறக்குறையப் பாதி ஹிஸ்பானிக். ஜனத்தொகை ஏறியது. மாநிலம் நீலமாகவில்லை. 2020இல் 6 புள்ளிக்கும் குறைவாக ஜெயித்த டிரம்ப், 2024இல் 14 புள்ளிக்குப் பக்கத்தில் போய்விட்டார். மனுஷனை எண்ணிவிட்டால் மனசை எண்ணிவிட்டதாக நினைத்தவர்களின் கணக்கு இது.

சரி, இதைப் படித்துவிட்டு என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏற்கனவே ஒருவர் தனியாக மெசேஜ் போட்டுக் கேட்டுவிட்டார், "நீங்க எப்ப ரிபப்ளிகன் ஆனீங்க?" என்று. நான் ஆகவில்லை. ஆனாலும் அது உங்களிடம் விளக்கம் சொல்ல வேண்டிய விஷயமா? ஒரு சமூகத்தைத் திட்டாதே என்று சொன்னால் உடனே கட்சி மாறிவிட்டாயா என்று கேட்கிறீர்களே, உங்கள் கட்சி விசுவாசத்துக்கு அடுத்தவரைக் கேவலப்படுத்துவதுதான் அடையாளமா? 2018இல் செனட்டுக்கு நின்ற டெமாக்ரட் பெட்டோ ஓ'ரூர்க் மூன்று புள்ளிக்கும் குறைவாகத் தோற்ற ராத்திரி நான் தூங்கவில்லை. அந்த மனுஷன் டெக்சாஸின் 254 கவுண்டிக்கும் போனார். எல்லா ஊரிலும் போய் நின்று கேட்டார். அதுதான் மரியாதை. அதைத்தான் நான் சொல்கிறேன்.

"பெண் வேட்பாளருக்கு அவர்கள் போட மாட்டார்கள்" என்று இன்னொரு வாதம். அதே ஸ்டார் கவுண்டி ஹிலரிக்கு 79 சதவீதம் கொடுத்தது. அடுத்த வாதத்துக்கு வாருங்கள்.

"ஆவணம் இல்லாத சொந்தக்காரர்களுக்கே துரோகம் பண்ணிவிட்டார்கள்." இதில் வலி இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஐஸ் (ICE) என்ற குடியேற்ற அமலாக்கத் துறை ஆட்கள் வந்து நிற்கும் செய்திகளைப் பார்த்தால் எனக்கும் வயிறு கலங்குகிறது. ஆனால் ஏழு தலைமுறையாக அந்த மண்ணில் இருக்கும் குடும்பத்தையும் போன வருஷம் ஹோண்டுராஸில் இருந்து வந்தவரையும் ஒரே ஆள் என்று பார்ப்பது நீங்கள்தான், அவர்கள் இல்லை. அதே 2024 ஓட்டுச்சீட்டில் டிரம்ப் ஜெயித்த எல்லைத் தொகுதிகளிலேயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு டெமாக்ரட்டுகள் ஹென்றி குயேயாரும் விசென்டே கொன்சாலெஸும் ஜெயித்தார்கள். மேலே ஒரு கட்சிக்கும் கீழே ஒரு கட்சிக்கும் பார்த்துப் பார்த்துக் குத்தியவர்களைப் புத்தியில்லாதவர்கள் என்கிறீர்களா?

ரிபப்ளிகன்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். 2025இல் அவசர அவசரமாக டெக்சாஸின் காங்கிரஸ் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தார்களே, ஐந்து சீட் கூடக் கிடைக்கும் என்று. அதில் தெற்கு டெக்சாஸ் கணக்கு முழுக்க 2024இல் வந்த ஹிஸ்பானிக் ஓட்டு அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. ஃபோர்ட் வொர்த் முடிவைப் பார்த்து இப்போது அவர்கள் வயிற்றிலும் புளி கரைக்கும். கரைக்கட்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். ஏனென்றால் அடுத்தவனைச் சொல்லும் முன் நம்ம வீட்டைப் பார்க்க வேண்டும்.

புறநகர்கள்தான் டெக்சாஸை மாற்றப்போகின்றன என்றார்கள். மாற்றவும் ஆரம்பித்தன. 2012இல் ரிபப்ளிகன் வேட்பாளர் ராம்னிக்கு 65 சதவீதம் கொடுத்த காலின் கவுண்டியில், அதாவது நம்ம பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கத்தில், 2020இல் டிரம்ப் 4 புள்ளியில்தான் தப்பித்தார். ஃபோர்ட் வொர்த் இருக்கும் டாரண்ட் கவுண்டியில் பைடன் இரண்டாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் ஜெயித்தார். ரவுண்ட் ராக் இருக்கும் வில்லியம்சனிலும் ஜெயித்தார். 2024இல் என்ன ஆனது? டாரண்ட் போனது, வில்லியம்சன் போனது, காலினில் வித்தியாசம் மறுபடி 10 புள்ளியைத் தாண்டியது. ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆசியர்கள் இருக்கும், ஹூஸ்டன் பக்கத்து நம்ம ஃபோர்ட் பெண்டில் பைடனுக்கு 10 புள்ளிக்கு மேல் இருந்த முன்னிலை, கமலா ஹாரிஸுக்கு இழுபறியாக வந்து நின்றது. கமலா ஹாரிஸுக்கு! அவர் அம்மா சென்னை என்று நாம் கொண்டாடிய அதே கமலாவுக்கு. அந்த ஓட்டெல்லாம் மெக்சிகன்கள் மட்டும் போட்டதா? அங்கே சுகர்லேண்டில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்னிடமே வெளிப்படையாகச் சொன்னார்கள், வரி, எல்லை, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று ஒவ்வொரு காரணமாக. அப்போது அதை "யோசிச்சு எடுத்த முடிவு" என்றீர்கள். ஹிஸ்பானிக் செய்தால் மட்டும் அது விற்பனையா?

அப்புறம் 2025 செப்டம்பரில் என்ன நடந்தது? எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அதே மாதம், செனட்டுக்குப் போட்டியிடுவதாகச் சொல்லியிருந்த ரிபப்ளிகன் ஒருவர், சுகர்லேண்டில் இருக்கும் 90 அடி அனுமார் சிலையைப் பொய்த் தெய்வம் என்று எழுதினார். நம் குழு முழுக்கக் கண்ணீர். அன்றைக்கு யாராவது ஒரு மெக்சிகன் அமெரிக்கர் நம்மைப் பார்த்து "நல்லா அனுபவிக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், நானும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர்தான். ஒரு தேர்தல் சமயம் கட்சித் தொண்டர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் போன், அதில் எங்கள் தெருவின் பெயர்ப் பட்டியல். என் பெயரை மூன்று விதமாகப் படிக்கப் பார்த்து விட்டுவிட்டார். "நீங்கள் எங்கள் பக்கம்தான், மறக்காமல் வந்து போடுங்கள்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டார். எங்கள் சொத்து வரி எவ்வளவு, பையன் படிக்கும் பள்ளியில் வாத்தியார்கள் ஏன் நிற்பதில்லை, பெரில் புயலில் எங்கள் தெருவில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று ஒன்றும் கேட்கவில்லை. நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தேன். திரும்பி வரும்போது வாசலில் ஆள் இல்லை. ஓட்டு அவர் கட்சிக்குத்தான் போட்டேன். ஆனால் அந்த ரியோ கிராண்டே சிட்டிப் பெரியவர் ஏன் போடவில்லை என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

2026 மார்ச் 3 பிரைமரி, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். கருத்துப்பெட்டி திறந்தே இருக்கிறது. புள்ளிவிவரத்தோடு வந்து சண்டை போடுங்கள், ராத்திரி வேலை முடித்துவிட்டு ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன். எந்தச் சமூகத்தையாவது திட்டி எழுதினால் நீக்கிவிடுவேன், அது என் சொந்தக்காரராக இருந்தாலும்.